அணைக்கச் சொல்லிக் கொடுத்த விளக்கு

பேட்டரி இல்லாத டார்ச் லைட்டைக் கையில கொடுத்து, "இதை வச்சு நாட்டைக் காப்பாத்துங்கம்மா"ன்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வருமா, கோபம் வருமா? எனக்குக் கோபந்தான் வந்துச்சு. பேட்டரி எங்கன்னு கேட்டேன். அது வேற டிபார்ட்மெண்ட்லேருந்து வரணும்னாங்க. கடைசி வரைக்கும் வரலை. நானே கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

டார்ச்சோட சேர்த்து ஒரு இரும்புத் தொப்பி, கையில கட்டிக்க ஒரு பட்டை, கழுத்துல மாட்டிக்க ஒரு விசில். புடவை கட்டின பொம்பளை இதையெல்லாம் மாட்டிக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்? எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "மைன்ஸுக்கு நீ போறியா, நான் போகட்டுமா?"ன்னு கேட்டாரு. அவரு மைன்ஸ்ல ஃபோர்மேன். எதுலயும் தலையிடாத மனுஷன். "உனக்கேன் வம்பு?"ங்கிறது அவரு வாயில ஓயாம வர்ற வார்த்தை.

எழுபதுகளோட ஆரம்பம் அது. பாகிஸ்தான் சண்டை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு. எல்லையில சத்தமே இல்லை. அப்படி அமைதியா இருந்த காலத்துலதான் நெய்வேலிக்கு சிவில் டிஃபென்ஸுங்கிற இந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது. சண்டை வந்த பிறகு ஓடி ஓடிப் பழக முடியாது, இப்பவே பழகணும்னாங்க. பட்டாளம் எல்லையில நிக்கும், ஊருக்குள்ள ஜனங்களை நடத்துறதுக்கு, யாரு சொன்னா ஜனங்க கேப்பாங்களோ அந்த ஆளுங்களே வேணும்னாங்க. மெட்ராஸுக்கே கரண்ட் இங்கேருந்துதான் போகுது, எதிரி பிளேன் வந்தா முதல் குண்டு நம்ம தலையிலதான்னும் சொன்னாங்க. நியாயமான பேச்சுதான். அதை நான் இன்னைக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். செஞ்சது என்னங்கிறதைத்தான் சொல்ல வர்றேன்.

அப்படிப்பட்ட ஆளுங்கன்னு பொறுக்கி எடுத்தாங்க பாருங்க, அது ஒரு வேடிக்கை. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்காத தொழிற்சங்கத் தலைவருங்க ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்துல உக்கார வச்சாங்க. ஹெட்மாஸ்டர் வந்தாரு. பஜனை மடத்துக்காரர் வந்தாரு. மாதர் சங்கத்துலேருந்து என்னைக் கூப்பிட்டாங்க. நான் தலைவி ஆனதே ஒரு கூத்து. எங்க பிளாக்குல, ஷிப்ட்டுக்குப் போறவங்க குளிக்கிற நேரம் பார்க்காம தண்ணி விடுற நேரத்தை மாத்திட்டாங்க. நான் காலிக் குடத்தைத் தூக்கிட்டுப் போயி ஆபீஸ் மேஜை மேல வச்சு, "நேரம் மாறுற வரைக்கும் குடம் இங்கேயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். மறுநாளே நேரம் மாறிடுச்சு, குடத்தை பியூன் கொண்டாந்து கொடுத்தாரு. அதுலேருந்து எனக்கு வாய்க்காரின்னு பேரு. வாய்க்காரிக்குத்தான் விசில் கொடுக்கணும்னு முடிவு பண்ணியிருப்பாங்க போல.

பயிற்சி கொடுக்க ஒரு அதிகாரி வந்தாரு. பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆனவரு. காக்கிச் சட்டையில மடிப்பு ஒண்ணு கலையாது. கையில சாக்பீஸை வச்சுக்கிட்டு, கிளப் ஹால்ல போர்டுல நெய்வேலியைக் கட்டம் கட்டமா வரைஞ்சாரு. ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்டார். ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு வார்டன். வார்டன்னா நாங்கதான். ஆலைச் சங்கு ஏறி ஏறி இறங்கினா அபாயம், நீளமா ஒரே மாதிரி ஊதினா அபாயம் நீங்கிச்சுன்னு அர்த்தம். முதல் சங்குக்கு எல்லா விளக்கையும் அணைக்கணும். ஜன்னல்ல கறுப்புக் காகிதம் ஒட்டணும். பீடி நெருப்பு கூடத் தெரியக் கூடாது.

நான் எழுந்து கேட்டேன். "சார், தெர்மல் சிம்னி அங்க வெளிச்சமா நிக்குது. கொதிகலனை அணைக்க முடியாது. கடலூர்லேருந்து பார்த்தாலே நெய்வேலி இங்க இருக்குன்னு தெரியும். என் வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பைப் பார்த்துதான் எதிரிக்கு வழி தெரியப் போகுதா?"

"பிளாண்ட் தனி ஏற்பாடு. நீங்க உங்க செக்டாரைப் பாருங்கம்மா"ன்னாரு.

அன்னைக்குத்தான் பின்னாடி தரையில உக்காந்திருந்த ஒருத்தரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, மடியில அந்த இரும்புத் தொப்பி. நாற்காலி காலியா இருக்கு, மனுஷன் தரையில இருக்காரு. "ஏங்க, மேல உக்காருங்க"ன்னேன். "பரவால்லீங்கம்மா, காத்து வருது"ன்னாரு. பக்கத்துக் கிராமத்து பஞ்சாயத்து பிரசிடெண்ட் அவரு. டவுன்ஷிப் வேலிக்கு அந்தாண்ட, மைன்ஸ்ல தோண்டிக் கொட்டின மண்மேட்டைத் தாண்டி அவங்க ஊரு. மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்துட்டு, வீட்டைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு வந்து, மிச்சமிருந்த மேட்டுல குடியேறினவங்க. போர்டுல வரைஞ்சதுல கடைசிக் கட்டம் அந்த ஊரு. அதனால அவரும் வார்டன்.

பீடி நெருப்பு கூடத் தெரியக் கூடாதுன்னு அதிகாரி திரும்பவும் சொன்னதும் பிரசிடெண்ட் கையைத் தூக்கினாரு.

"ஐயா, எங்க ஊர்ல கரண்டே இல்லீங்க. அணைக்கிறதுக்கு இன்னாங்க இருக்குது?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரலை, ஏன்னா எனக்கு அது தெரியாது. நாலு வருஷமா அந்த வேலிக்குப் பக்கத்துல கடைசி வரிசை குவார்ட்டர்ஸ்ல இருக்கேன், எங்க வீட்டு ஃபேன் ராத்திரி பகலா சுத்துது, கூப்பிடு தூரத்துல ஒரு ஊருக்குக் கரண்ட் இல்லைன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஆனா அந்தப் பக்கம் இருட்டா இருக்கும், வெறும் காடுன்னே நினைச்சிருந்தேன். அதிகாரி சாக்பீஸைத் தட்டிட்டு, "லாந்தர் இருக்குல்ல? அதை அணைங்க"ன்னாரு.

கிளாஸ் முடிஞ்சு வெளிய வந்ததும் அவருகிட்டப் பேச்சுக் கொடுத்தேன். ஏன் இன்னும் கரண்ட் வரலைன்னு கேட்டேன். மனு கொடுத்துக் கொடுத்து கை ஓய்ஞ்சு போச்சுன்னாரு. ஒரு ஆபீஸ்ல போனா இன்னொரு ஆபீஸைக் காட்டுவாங்களாம். அப்புறம் தலையைக் குனிஞ்சுகிட்டு, "எந்தம்பி பொண்டாட்டி இந்த மண்மேட்டு வழியிலதாம்மா போச்சு"ன்னாரு.

அந்த ஊருப் பொம்பளைங்க காலையில டவுன்ஷிப்புக்கு வந்து கான்ட்ராக்ட்ல பெருக்குற வேலை பார்த்துட்டு, பொழுது சாஞ்சு திரும்பிப் போவாங்க. மண்மேட்டை ஒட்டி ஒத்தையடிப் பாதை. இருட்டுல கையில கோலை வச்சுத் தட்டிக்கிட்டே நடக்கணும். தம்பி சம்சாரம் கால்ல விரியன் கொத்திடுச்சு. என்ன கடிச்சதுன்னு பார்க்கக் கூட வெளிச்சம் இல்லை. முள்ளு குத்திச்சுன்னு நினைச்சு வீடு வரைக்கும் நடந்தே போயிருக்கா.

"அதுக்கப்புறம் வந்த எலெக்சன்ல ஒரே ஒரு வார்த்தைதாம்மா சொன்னேன். கரண்டு கொண்டாருவேன்னு. வேற ஒண்ணும் சொல்லல. அதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. இப்ப தெருவுல போனா பொம்பளைங்க 'இன்னா பிரசிடெண்டு, கரண்டு வந்துகினே இருக்குதா?'ன்னு கேக்குதுங்க. மூஞ்ச எங்க வச்சிக்கிறது?"

அதுக்காகத்தான் தொப்பியை மாட்டிக்கிட்டாராம். பெரிய ஆபீசருங்க வர்ற இடம், நம்ம கஷ்டத்தை ஒரு நாள் காதுல போடலாம்னு. அந்த மனுஷன் ஒரு கிளாஸ் விட்டதில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கச் சொன்னா முதல்ல வருவாரு. கட்டுப் போடக் கத்துக்கிட்டாரு. நேரா நின்னு சல்யூட் அடிக்கக் கத்துக்கிட்டாரு. எங்க தொழிற்சங்கத் தலைவருங்க ரெண்டு பேரும் மணல் வாளியை யாரு முதல்ல தூக்குறதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் ஒரு நாள் அதிகாரி பரபரப்பா வந்தாரு. மெட்ராஸ்லேருந்து ரொம்பப் பெரிய அதிகாரி ஒத்திகையைப் பார்க்க வர்றாராம். தண்ணி டேங்க் மேல ஏறி நின்னு பார்ப்பாராம். ஒவ்வொரு செக்டாரா விளக்கு அணைஞ்சுக்கிட்டே போகணும், கடைசியில அந்த ஓரத்துச் செக்டார் அணையணும், அதோட மொத்த நெய்வேலியும் இருட்டாகணும். போர்டுல போட்டுக் காட்டினாரு. ஆனா கடைசிக் கட்டத்துல அணைக்க விளக்கு வேணுமே!

அடுத்த வாரம் பிரசிடெண்ட் எங்க வீட்டு கேட்டுல வந்து நின்னாரு. வாயெல்லாம் பல்லு. "அம்மா, லைட்டு போடறாங்கம்மா! கம்பம் நட்டுகினு இருக்காங்க! வூட்டுக்கு ஒரு பல்பாம்!"

எனக்கும் சந்தோஷம் தாங்கலை. உள்ள போயி காபி கொண்டாந்து கொடுத்தேன். கொடுத்துட்டு, "என்ன கம்பம்?"னு கேட்டேன்.

"சவுக்குதாம்மா."

சுருக்குன்னுச்சு. கோயில் திருவிழாவுக்கு லைன் இழுக்கும்போதுதான் சவுக்குக் கம்பம் நடுவாங்க. சாமி மலையேறினதும் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டுக்குன்னு வர்ற லைனுக்கு இரும்புக் கம்பமோ சிமெண்ட் கம்பமோ வரணும். அவரைக் கூட்டிக்கிட்டே அதிகாரிகிட்டப் போனேன். எங்க வீட்டுக்காரர் பின்னாலேருந்து, "உனக்கேன்..."னு ஆரம்பிச்சாரு. திரும்பிப் பார்த்தேன். நிறுத்திட்டாரு.

அதிகாரி சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "நெய்வேலிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? எதுவும் மொதல்ல டெம்பரவரி. அப்புறம் பெர்மனெண்ட்."

அந்த ஒரு வார்த்தையில நாங்க ரெண்டு பேரும் விழுந்தோம். வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. நெய்வேலியில எல்லாருக்கும் வாழ்க்கையே அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் டெம்பரவரியா சேர்ந்து, வருஷக்கணக்கா காத்திருந்து, ஒரு நாள் பெர்மனெண்ட் ஆனாரு. அன்னைக்கு பிளாக் முழுக்க கேசரி கொடுத்தோம். கான்ட்ராக்ட்ல மண்ணு வெட்டுறவன் ஒவ்வொருத்தனும் இன்னைக்கு டெம்பரவரி, நாளைக்கு பெர்மனெண்ட்டுன்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டுப் போறான். பொண்ணு வீட்டுலயும் அதை நம்பித்தான் கொடுக்கிறாங்க. டெம்பரவரின்னு ஒண்ணு கையில வந்துட்டா அது பாதி பெர்மனெண்ட்டுன்னுதான் இந்த ஊரு கணக்கு. அந்த நம்பிக்கையை அந்தாளு நல்லா தெரிஞ்சு வச்சுக்கிட்டு எடுத்து விட்டான் பாருங்க, அதை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

"கேட்டுகினீங்களாம்மா? அப்புறம் பெர்மனெண்டாம்"னு பிரசிடெண்ட் வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு.

லைட்டு எரிய ஆரம்பிச்ச பிறகு, பயிற்சி சொல்லிக் கொடுக்கிறதுக்காக மாதர் சங்கத்துப் பொம்பளைங்களோட அந்த ஊருக்குப் போனேன். போயிப் பார்த்தா ஒவ்வொரு வீட்டுலயும் ஒட்டடை அடிச்சுக்கிட்டு இருக்காங்க. பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, எதுக்கு இதுன்னு கேட்டேன். பிரசிடெண்ட் வீட்டம்மா வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க. "பல்பு போட்டதுக்கப்புறந்தாம்மா தெரியுது, வூடு எம்மாம் அழுக்கா இருக்குதுன்னு. இத்தினி நாளு இதுலயா குந்திகினு சோறு தின்னோம்!" தெருக் கம்பத்துக்குக் கீழ பொம்பளைங்க சும்மா உக்காந்திருந்தாங்க. புளி கொட்டை எடுக்கலை, பூ கட்டலை. சும்மா உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கிட்டு இருந்தாங்க. மண்மேட்டுப் பாதையிலயும் கம்பத்துக்குக் கம்பம் லைட்டு. வேலை விட்டு வந்தவங்க கையில கோலு இல்லை. கையை வீசிக்கிட்டு, சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்தாங்க. அதுல ஒருத்தி பிரசிடெண்டைப் பார்த்து, "இன்னா பிரசிடெண்டு, வந்துச்சே கரண்டு!"ன்னா. அந்த மனுஷன் துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு. வேர்வைன்னு சொன்னாரு.

சங்கு ஊதினா சுவிட்சை அணைக்கணும்னு நான் விளக்கினேன். ஒரு கிழவர் மட்டும், "இப்பதானம்மா வந்துச்சு, அதுக்குள்ள ஏன் அணைக்கணும்?"னு கேட்டாரு. "நாட்டுக்காகப்பா. கொஞ்ச நேரந்தான். நீளச் சங்கு ஊதினா திரும்பப் போட்டுக்கலாம்"னு பிரசிடெண்ட் பதில் சொன்னாரு.

ஒத்திகை அன்னைக்கு, விளக்கு வைக்கிற நேரம் தாண்டி சங்கு ஏறி ஏறி இறங்குச்சு. அந்தக் கண்றாவியை ஏன் கேக்குறீங்க? எங்க செக்டார்ல ஒரு வீட்டுல பாத்ரூம் லைட்டு. போயிக் கதவைத் தட்டினா, மாப்பிள்ளை குளிக்கிறாருங்கிறாங்க. பசங்க தெருவுல நின்னு "ஹோ"ன்னு கத்துறாங்க. பெரிய பெரிய அதிகாரிங்க இருக்கிற பங்களா வரிசையில ஒரு வீட்டுல மாடி முழுக்க வெளிச்சம், யாரும் தட்டத் துணியலை. தொழிற்சங்கத்துக்காரர் ஒருத்தரு, அடுத்தவரு செக்டார்ல லைட்டு எரியுதுன்னு விசில் ஊதிக்கிட்டே இருந்தாரு. நான் வேலியோரம் நின்னு அந்தப் பக்கம் பார்த்தேன். எங்க முறை முடிஞ்சு அவங்க முறை வந்தது. பட்டுன்னு அணைஞ்சது. மொத்த ஊரும் ஒரே நேரத்துல. ஒரு பீடி நெருப்பு கூட இல்லை. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல நீளச் சங்கு ஊதினாங்க. டவுன்ஷிப் முழுக்க லைட்டு வந்தது. பசங்க கை தட்டினாங்க. ரேடியோவெல்லாம் திரும்பப் பாட ஆரம்பிச்சது. வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் இருட்டு. சங்கு காதுல விழலையோ என்னவோன்னு டார்ச்சை அடிச்சுக் காட்டினேன், விசில் ஊதினேன். வேலி வரைக்கும் யாரோ ஓடி வந்தாங்க. பிரசிடெண்ட்தான். தலையில தொப்பி.

"சங்கு கேட்டுச்சும்மா. சுவிச்சப் போட்டோம். வரலீங்க. ஃபீசு போயிட்சா?"

காலையில விசாரிக்கலாம், போயிப் படுங்கன்னு சொல்லி அனுப்பினேன். காலையில விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. பால் வாங்கப் போனப்ப, சவுக்குக் கம்பத்தை ஏத்திக்கிட்டு லாரி எதிர்ல வந்தது. நான் நடு ரோட்டுல நின்னேன். டிரைவர் பிரேக் போட்டுட்டுத் திட்டினான். வண்டி மேல இருந்த ஆளுங்க கிட்ட, "யாரு கழட்டச் சொன்னது?"ன்னு கேட்டேன். "எங்களுக்கு என்னம்மா தெரியும்? ஒத்திகை முடிஞ்சதும் அங்கயே லைனை கட் பண்ணச் சொன்னாங்க, விடிஞ்சதும் கழட்டச் சொன்னாங்க. பல்பைக் கூட எண்ணி வாங்கிட்டோம்"னாங்க. பல்பை! வீட்டுக்கு ஒரு குண்டு பல்பை, அதையும் கழட்டிக்கிட்டு வந்திருக்கானுங்க!

அந்தத் தொப்பியோட பிரசிடெண்டும் நானும் அதிகாரி முன்னாடி போயி நின்னோம். அவரு ரொம்பச் சந்தோஷமா இருந்தாரு. மெட்ராஸ் அதிகாரி பாராட்டினாராம். நான் கத்தினேன். "டெம்பரவரின்னுதானே சொன்னேன்"னாரு. "அப்புறம் பெர்மனெண்ட்டுன்னும் சொன்னீங்களே!"ன்னேன். "அதுக்கு ஃபைல் போயிருக்கும்மா. அதெல்லாம் ஒரு நாள்ல நடக்கிற காரியமா? ஞாயித்துக்கிழமை விழா இருக்கு, பிரசிடெண்டுக்குத்தான் கப்பு. சிறந்த செக்டார்! சந்தோஷமா வாங்க"ன்னாரு. நான் அந்தக் கைப்பட்டையைக் கழட்டி அவரு மேல எறிஞ்சிருப்பேன். பிரசிடெண்ட் தடுத்துட்டாரு. "வாணாம்மா. அந்தப் பெரிய ஐயா வருவாரில்ல, நான் ஒரு வார்த்தை கேட்டுப்புடறேன். அவரு நெனச்சா ஆவும்."

ஞாயித்துக்கிழமை கிளப் ஹால்ல விழா. மேடையில மாலை, மைக்கு, வெள்ளை விரிப்பு. அந்த ஊருலேருந்து பொம்பளைங்க, ஆம்பளைங்க எல்லாம் நல்ல துணி கட்டிக்கிட்டு வந்து பின்னால நின்னாங்க. தலைவருக்குக் கப்பு கொடுக்கிறாங்கன்னு வரலை. பெரிய ஐயா என்ன சொல்லப் போறாருன்னு கேக்க வந்தாங்க. பிரசிடெண்டைக் கூப்பிட்டாங்க. தொப்பியைப் போட்டுக்கிட்டு மேடை ஏறினாரு. சல்யூட் அடிச்சாரு. மெட்ராஸ் அதிகாரி கப்பைக் கொடுத்துட்டு மைக்குல சொன்னாரு. "மற்ற இடங்கள்ல கொஞ்சம் குறை இருந்தது. இந்தக் கிராமத்துல மட்டும் பூரண இருட்டு. இதுதான் கட்டுப்பாடு. படிச்சவங்க இவங்ககிட்டக் கத்துக்கணும்." கை தட்டல். பிரசிடெண்ட் ரெண்டு வார்த்தை பேசணும்னு மைக்கை நீட்டினாங்க.

"ஐயா, வணக்கம். அன்னிக்கு அணைக்கச் சொன்னீங்க, அணைச்சோம். எல்லாருக்கும் லைட்டு வந்துட்சு. எங்க ஊரு இன்னும் இருட்டுலதாங்க இருக்குது. எங்களுக்கு நீளச் சங்கு எப்பங்க ஊதுவீங்க?"

ஹால்ல சிரிப்பு வெடிச்சது. நல்லா ஜோக் அடிக்கிறாருன்னு நினைச்சுட்டாங்க! முன் வரிசையில ஒரு அம்மா கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. பின்னால நின்ன ஊருக்காரங்க சிரிக்கலை. பிரசிடெண்டும் சிரிக்கலை. மைக்கைப் பிடிச்சபடியே பதிலுக்கு நின்னாரு. அப்பதான் மெட்ராஸ் அதிகாரிக்கு அது கேள்வின்னு உறைச்சது. பயிற்சி அதிகாரி பக்கம் சாஞ்சு என்னவோ கேட்டாரு. அவரு காதுல என்னவோ சொன்னாரு. மெட்ராஸ் அதிகாரி தலையாட்டிக்கிட்டு, ரொம்பச் சாதாரணமா மைக்குல சொன்னாரு.

"அந்த இடத்துக்கு கரண்ட் கொடுக்க முடியாதுங்க. மைன்ஸ் விரிவாக்கத்துல வருது. எப்படியும் காலி பண்ணப் போற இடத்துக்கு எதுக்கு லைன்? வேஸ்ட் இல்லையா?"

ஊரைக் காலி பண்ணப் போறாங்கன்னு அந்த ஊருக்கு அன்னைக்கு அந்த மைக்குலதான் தெரிஞ்சது. ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு தண்டோரா இல்லை. ஒரு தடவை நிலத்தைக் கொடுத்துட்டு, வீட்டைப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு வந்தவங்க அவங்க. பின்னாலேருந்து ஒரு பொம்பளை "ஐயோ"ன்னா.

பிரசிடெண்ட் ஒரு கையில கப்பு, ஒரு கையில மைக்கோட நின்னாரு. அப்புறம் கேட்டாரு. குரல் ஏறலை, இறங்கலை.

"அப்ப நான் யாரைக் காப்பாத்தறதுக்குங்க இந்தத் தொப்பியப் போட்டுகினு நிக்கிறேன்?"

நான் எழுந்துட்டேன். "சொல்லுங்க சார்! பதில் சொல்லுங்க!"ன்னு கத்தினேன். எங்க வீட்டுக்காரர் முந்தானையைப் பிடிச்சு இழுத்தாரு. உதறினேன். "ஒரு ஊரையே ஏமாத்தி விளக்கைக் காட்டி அணைச்சிருக்கீங்களே, நீங்கெல்லாம் மனுஷங்கதானா?"ன்னேன். எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க, மேடையைப் பார்க்கலை. அங்க பயிற்சி அதிகாரி அவசர அவசரமா பேண்டுகாரங்களுக்குக் கையைக் காட்டினாரு. தேசிய கீதம் வாசிச்சுட்டாங்க. என்ன பண்ணுவீங்க? மொத்த ஹாலும் எழுந்து விறைப்பா நின்னது. என் வாயும் நின்னு போச்சு. பிரசிடெண்ட் கப்பைக் கீழ வச்சுட்டு, கிளாஸ்ல சொல்லிக் கொடுத்த மாதிரியே குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நின்னாரு. அந்த மேடையில அவரு ஒருத்தர்தான் ஒழுங்கா நின்னாரு. முடிஞ்சதும் ஆளுக்கொரு வடையும் டீயும் கொடுத்தாங்க.

நான் விசிலையும் தொப்பியையும் அன்னைக்கே மேஜை மேல வச்சுட்டு வந்துட்டேன். இந்தத் தடவை நேரமும் மாறலை, ஒண்ணும் மாறலை. எனக்குப் பதிலா வேற ஒரு அம்மாவை வார்டன் ஆக்கினாங்க. அந்த ஊரை ஒரு ரெண்டு வருஷத்துல எடுத்துட்டாங்க. மாட்டு வண்டியிலயும் டிராக்டர்லயும் சட்டி பானையை ஏத்திக்கிட்டு, ஆளுக்கொரு பக்கமா போனாங்க. கம்மாபுரம் பக்கம் சிலரு, குறிஞ்சிப்பாடி பக்கம் சிலரு. பிரசிடெண்ட் போறப்ப எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. "வரேம்மா"ன்னாரு.

எண்பதுகள்ல எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் புதுசா தோண்டின மைன்ஸுக்கு மாறினாரு. ஒரு நாள் பொழுது சாயுற நேரத்துல, மேலேருந்து மைன்ஸைப் பார்க்கிற மேடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. கீழ பெரிய பெரிய மெஷின், சுத்திலும் உயரமான இரும்புக் கம்பம், கம்பத்துக்குக் கம்பம் கண்ணைக் கூசுற விளக்கு. ஊசி விழுந்தாக் கூட எடுக்கலாம். விடிய விடிய அணைக்கவே மாட்டாங்கன்னாரு. கையை நீட்டி, "அதோ அந்த மெஷின் நிக்கிதே, அங்கதான் உன் பிரசிடெண்ட் ஊரு"ன்னாரு.

வாய் விட்டே திட்டிட்டேன். பக்கத்துல நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க. "யாரைத் திட்டுற?"ன்னு மெதுவா கேட்டாரு.

"கொடுக்க முடியாதுன்னு சொன்னாங்களே, கொடுத்திருக்காங்க பாருங்க கரண்டு"ன்னேன்.